கோடா என்றால் என்ன? பாட்டு முடிகிற இடம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் பியானோவும் கீபோர்டும் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளையை அழைத்துப்போக வரும் அப்பா அம்மாக்கள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே கேட்பதிலும், இரவில் நோட்ஸைப் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பி "டீச்சர், இது என்ன குறி?" என்று கேட்பதிலும் முதல் இடம் இந்தக் கோடாவுக்குத்தான். ஒரே பதிலை எத்தனை பேருக்குத் தட்டுவது? மொத்தமாக எழுதி வைத்துவிடுகிறேன்.

கோடா என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

ஒரு இசை தன் வேலையை முடித்துவிட்ட பிறகு, "ஆமாம், முடிந்தது" என்று காது நம்புவதற்காகச் சேர்க்கிற கடைசிப் பகுதி. அதை வெட்டி எடுத்துவிட்டாலும் சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லியாகிவிட்டிருக்கும், ஆனால் கேட்டவருக்கு என்னவோ பாதியில் எழுந்து வந்த மாதிரி இருக்கும். இந்த "வெட்டிப் பார்க்கிற" சோதனையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நிறைய குழப்பத்தை இது ஒன்றே தீர்த்துவைக்கும்.

எந்த மொழி?

இத்தாலியம். கோடா என்றால் அங்கே வால். நாய்க்கு இருக்கிற அதே வால்தான், பெரிய தத்துவமெல்லாம் இல்லை. லத்தீனில் கவுடா. ரோம் நகரத்தில் மாட்டுவாலைத் தக்காளியும் செலரியும் போட்டு மணிக்கணக்கில் வேகவைத்துச் செய்கிற ஒரு குழம்பின் பெயரிலும் இதே கோடா உண்டு. நம்மூர் மாட்டுவால் சூப்பான சூப் எக்கோரின் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம். வங்கியிலும் கிளினிக்கிலும் நாம் நிற்கிற கியூ இருக்கிறதே, அதுவும் அந்த லத்தீன் வாலிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்ததுதான். இத்தாலியர்கள் இன்றைக்கும் வரிசையில் நிற்பதைக் கோடா என்றே சொல்வார்கள்.

இசையில் இது எப்போதிலிருந்து இருக்கிறது?

வால் என்கிற பேச்சு ரொம்பப் பழையது. 12, 13ஆம் நூற்றாண்டுகளில் பாரிஸ் நோத்ர் தாம் பேராலயத்தைச் சுற்றி வளர்ந்த பாடல் வகைகளில் கண்டக்டஸ் என்று ஒன்று. அதில் ஒரே எழுத்தைப் பிடித்துக்கொண்டு சொல் இல்லாமல் சுரத்தை நீட்டிப் பாடுகிற பகுதிகளைக் கவுடா என்றார்கள், பன்மையில் கவுடே. பெரும்பாலும் அடியின் கடைசியில் வரும், ஆனால் தொடக்கத்தில் வருவதும் உண்டு, அதனால் அப்போது "முடிவு" என்கிற பொருள் இன்னும் இறுகவில்லை. அதே காலத்து எழுத்துமுறையில் நோட்டுக்கு மேலோ கீழோ இழுக்கிற கோட்டையும் கவுடா என்றே சொன்னார்கள்.

இன்று நாம் சொல்கிற கோடா, அதாவது ஒரு இசையின் கடைசியில் தனியாகத் தெரிகிற பகுதி, 18ஆம் நூற்றாண்டில் சொனாட்டா வடிவம் நிலைபெற்றபோதுதான் கெட்டிப்பட்டது. கருக்களை, அதாவது முக்கிய மெட்டுகளை, அறிமுகப்படுத்துகிற பகுதி, அவற்றைப் பிரித்துப் புரட்டுகிற பகுதி, மறுபடி சொந்த ஸ்கேலில் வந்து சொல்கிற பகுதி என்று மூன்று, அதற்கு அப்புறம் விரும்பினால் ஒரு கோடா. விரும்பினால் என்பதைக் கவனியுங்கள். கட்டாயம் இல்லை.

வட்டத்துக்குள் சிலுவை போட்ட குறிதானே கோடா?

இங்கேதான் எல்லாரும் சறுக்குகிறார்கள். கோடா என்கிற ஒரே பெயரில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, மேலே சொன்ன இசைப்பகுதி. இன்னொன்று, தாளில் "இங்கிருந்து அங்கே தாவு" என்று வழிகாட்டுகிற குறி. பீத்தோவனின் சிம்பொனிகளில் நூறு பாருக்கு (தாளில் கோடு போட்டுப் பிரித்த தாளக் கட்டங்கள்தான் பார்) மேல் நீளும் கோடாக்கள் இருக்கின்றன, அங்கெல்லாம் இந்த வட்டம் தேவையே இல்லை, இசை நேராக ஓடி அதற்குள் போய்விடும். மறுபக்கம், சினிமாப் பாட்டு நோட்ஸில் வட்டக்குறி போட்டுத் தாவச் சொல்லியிருப்பார்கள், தாவிப் போய்ப் பார்த்தால் அங்கே இருப்பது வெறும் கடைசிப் பல்லவி. வெட்டிப் பாருங்கள், பாட்டே குறைப்பட்டுவிடும். ஆக, குறி இருந்தால் கோடா என்றோ, குறி இல்லாவிட்டால் கோடா இல்லை என்றோ எண்ண வேண்டாம்.

சரி, டி.எஸ். அல் கோடா என்று போட்டிருக்கிறது. எப்படி வாசிப்பது?

விரலை வைத்துக் காட்டுவதை எழுத்தில் சொல்கிறேன். முதலில் தாளில் நான்கு இடங்களைக் கண்டுபிடியுங்கள். சாய்ந்த எஸ் எழுத்தின் குறுக்கே ஒரு கோடு, இரு பக்கமும் ஒவ்வொரு புள்ளி, அது சென்யோ. எங்கேயோ நடுவில் "டு கோடா" என்ற சொல்லோடு அந்த வட்டம். பின்னால் ஓரிடத்தில் டி.எஸ். அல் கோடா என்ற எழுத்து, அதாவது சென்யோவுக்குத் திரும்பி, அங்கிருந்து கோடாவுக்குப் போ. அதற்கும் பின்னால், பெரும்பாலும் கொஞ்சம் இடைவெளி விட்டு, இன்னொரு வட்டம்.

இப்போது வாசிப்பு. தொடக்கத்திலிருந்து போங்கள். முதல் வட்டம் வரும், கண்டுகொள்ளாதீர்கள், இந்தத் தடவை அது உங்களுக்கு இல்லை. டி.எஸ். வரைக்கும் போனதும் சென்யோவுக்குத் திரும்புங்கள், அங்கிருந்து மறுபடி வாசியுங்கள். இந்தத் தடவை முதல் வட்டம் வந்ததும் அப்படியே விட்டுவிட்டு இரண்டாவது வட்டத்துக்குத் தாவுங்கள், அங்கிருந்து கடைசி வரை. அவ்வளவுதான்.

பிள்ளைகள் செய்கிற தவறு எப்போதும் ஒன்றேதான்: முதல் தடவையே வட்டத்தைப் பார்த்துத் தாவிவிடுவார்கள், ஒன்றரை நிமிடப் பாட்டு நாற்பது விநாடியில் முடிந்துவிடும், "டீச்சர் சீக்கிரம் முடிச்சிட்டேன்" என்று சந்தோஷமாக வேறு இருப்பார்கள். நான் செய்கிற வைத்தியம், முதல் வட்டத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் 2 என்று எழுதச் சொல்வது. இரண்டாம் தடவை மட்டும் என்று பொருள். கலர் பேனா, ஸ்டிக்கர் எல்லாம் வாங்க வேண்டாம்.

டி.சி., டி.எஸ்., ஃபீனே... இவை எல்லாம் என்ன?

டி.சி. என்றால் டா காப்போ, தலையிலிருந்து, அதாவது முதல் பாரிலிருந்து. டி.எஸ். என்றால் டால் சென்யோ, குறியிலிருந்து. ஃபீனே என்றால் முடிவு. எழுத்தைப் பார்த்து "ஃபைன்" என்று படிக்காதீர்கள், ஃபீ-னே. டி.சி. அல் ஃபீனே என்றால் தலைக்குப் போய் ஃபீனே என்று எழுதியிருக்கிற இடத்தில் நிறுத்து. அது பக்கத்தின் நடுவில்கூட இருக்கும், பயப்பட வேண்டாம். டி.சி. அல் கோடா என்றால் தலைக்குப் போய், அங்கிருந்து வாலுக்கு வா.

இந்தத் தாவல்கள் எல்லாம் எழுதுகிற வேலையையும் தாளையும் மிச்சப்படுத்தத்தான். இசையமைப்பாளர் ஹாண்டல் காலத்து ஓபராவில் டா காப்போ பாட்டுகளுக்குப் பஞ்சமே இல்லை: முதல் பகுதி, நடுப்பகுதி, அப்புறம் தலைக்குத் திரும்பு. இரண்டாம் முறை பாடும்போது பாடகர் தன் கைவரிசையைக் காட்டிச் சங்கதி போடுவார். எழுதியிருப்பது ஒரே சுரந்தான், காதில் விழுவது வேறு.

திரும்பிப் போகும்போது நடுவில் இருக்கும் ரிப்பீட்களையும் வாசிக்க வேண்டுமா?

பொதுவாக வேண்டாம். டி.சி., டி.எஸ்.ஸுக்குப் பிறகு ரிப்பீட்டை விட்டுவிட்டு, முதல்முறை பார், இரண்டாம்முறை பார் என்று இரண்டு இருந்தால் நேராக இரண்டாவதற்குப் போவதுதான் வழக்கம். வேறு மாதிரி வேண்டுமென்றால் தாளிலேயே எழுதியிருப்பார்கள். பிரிட்டன் இசைத் தேர்வு வாரியமான ஏ.பி.ஆர்.எஸ்.எம். தேர்வு எழுதுகிறவர்களுக்குக் கூடுதலாக ஒன்று: டா காப்போவும் டால் சென்யோவும் கட்டாயம் வாசிக்க வேண்டும், மற்ற சாதாரண ரிப்பீட்கள் சிலபஸில் வாசிக்கச் சொல்லியிருந்தால் ஒழியத் தேவையில்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டு, ரிப்பீட் கிடையாது என்று நினைத்து டி.சி.யையும் சேர்த்து விட்டுவிடுகிற பிள்ளைகள் உண்டு.

கோடா, கோடெட்டா, கேடன்ஸ், கெடென்ஸா. எல்லாம் ஒன்றா?

இல்லை, ஆனால் குழப்பம் நியாயமானது.

கோடெட்டா, குட்டி வால். முழு இசைக்கும் இல்லாமல் ஒரு பகுதியை மட்டும் மூடி வைக்கிற சின்னத் துண்டு. ஒரே கருவைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்கொள்கிற ஃபியூக் வகையில் ஒரு குரலுக்கும் அடுத்த குரலுக்கும் நடுவில் வரும் இணைப்பையும் இப்படிச் சொல்வார்கள்.

கேடன்ஸ், ஒரு வரி போய் உட்காருகிற விதம். பெரும்பாலும் இரண்டே கார்டுதான் (ஒரே நேரத்தில் சேர்ந்தொலிக்கிற சில சுரங்கள்தான் கார்டு). லத்தீனில் விழுதல் என்ற வினையிலிருந்து வந்தது. சி மேஜரில் ஜி கார்டிலிருந்து சி கார்டுக்கு வந்தால் முற்றுப்புள்ளி. ஜி கார்டிலேயே நின்றால் காற்புள்ளி. ஜி-யிலிருந்து ஏ மைனருக்குப் போனால் காது சி-யை எதிர்பார்த்து ஏமாறும். எஃப் கார்டிலிருந்து சி கார்டுக்கு வருவது, தமிழ் மெதடிஸ்ட் ஆலயங்களில் பாட்டு முடிந்து "ஆ...மென்" என்று இழுப்போமே, அதுதான். ஆறாம் கிரேடு காது சோதனையில் முதல் இரண்டையும் அடையாளம் சொல்லச் சொல்வார்கள், ஏழாவதில் ஏமாற்றுகிறவரும் சேர்ந்துகொள்வார்.

கெடென்ஸாவும் அதே விழுதலின் பிள்ளைதான். கான்சர்ட்டோவில் ஆர்கெஸ்ட்ரா முழுக்க வாயை மூடிக்கொள்ள, தனி வாசிப்பாளர் மட்டும் வெளுத்து வாங்குகிற இடம். அது முடிந்து ஆர்கெஸ்ட்ரா உள்ளே வந்த பிறகுதான் கோடா வரும், வந்தால்.

பீத்தோவன் ஏன் கோடாவை அவ்வளவு நீட்டினார்?

எனக்குப் பிடித்த கேள்வி, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அவருக்கு முன்னாலேயே பெரிய கோடாக்கள் உண்டு. மோட்ஸார்ட்டின் கடைசிச் சிம்பொனி, 41ஆவது, 1788இல் எழுதியது. அதன் நாலாவது பகுதியின் கோடாவில் அதுவரை தனித்தனியாக வந்துபோன ஐந்து கருக்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிவிடுகிறார். இத்தனை நேரமும் இதற்குத்தானா சேர்த்து வைத்தார் என்று தோன்றும்.

பீத்தோவன் இதை வழக்கமாகவே ஆக்கிக்கொண்டார். எரோய்க்கா என்கிற மூன்றாம் சிம்பொனியை 1803, 1804 வாக்கில் எழுதினார். முதல் பகுதி மட்டும் ஏறக்குறைய 690 பார், அதில் கோடா 130 பாருக்கு மேல். சட்டப்படி எல்லாம் முடிந்து ஈ ஃப்ளாட்டில் வந்து நின்றாயிற்று. அந்த இடத்தில் ஆர்கெஸ்ட்ரா ஈ ஃப்ளாட் கார்டிலிருந்து திடுதிப்பென்று டி ஃப்ளாட்டுக்கு இறங்குகிறது, அங்கிருந்து சி-க்கு. படிக்கட்டில் ஒரு படி இல்லாமல் கால் வைத்த மாதிரி வயிற்றில் ஒரு பிசைவு. அங்கிருந்து மறுபடி ஒரு பயணம், புதிதாகப் பிரித்துப் புரட்டல், அப்புறந்தான் வீடு.

காரணம் என்னவென்றால், நடுப்பகுதியில் அவர் கிளப்பிவிட்ட கலவரம் அவ்வளவு. நாலு பாரில் "நன்றி வணக்கம்" சொல்லி முடித்தால் யாரும் நம்பமாட்டார்கள். எவ்வளவு தூரம் வீட்டைவிட்டுப் போனாரோ அவ்வளவுக்கு வீடு வந்ததை நிரூபிக்க வேண்டியிருக்கிறது. 1808இல் வியன்னாவில் அரங்கேறிய ஐந்தாம் சிம்பொனியின் கடைசியில் சி மேஜர் கார்டை அடி அடி என்று அடிக்கிறாரே, "போதும் ஐயா" என்று சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். முதல் பகுதியின் சி மைனர் இருட்டிலிருந்து சேர்த்துக் கேளுங்கள், அந்த அடி எல்லாம் தேவைதான் என்று படும். யூடியூபில் கடைசி இரண்டு நிமிடத்தை மட்டும் கேட்டுவிட்டு நீளம் என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஃபூர் எலீஸில் கோடா எங்கே?

இல்லை. எல்லாப் பிள்ளைகளும் வாசிக்கிற அந்தப் பாட்டு முதல் கரு, வேறொன்று, முதல் கரு, இன்னொன்று, மறுபடி முதல் கரு என்று போய், ஏ மைனரில் சத்தமில்லாமல் உட்கார்ந்துவிடுகிறது. அதே பீத்தோவன்தான்! வேண்டாத இடத்தில் வால் ஒட்டவில்லை. வால் என்றால் பயப்பட வைக்கிற ஒன்று வேண்டுமென்றால் ஷோபானின் ஜி மைனர் பாலேட் என்கிற பியானோ இசையைக் கேளுங்கள், 1836இல் அச்சானது. கடைசி இரண்டு பக்கம் நெருப்பு. பெரிய கச்சேரி வாசிப்பாளர்களே அந்த இடத்துக்கு என்று தனியாகச் சாதகம் செய்வார்கள்.

கீபோர்டில் "எண்டிங்" என்று ஒரு பட்டன் இருக்கிறதே, அது கோடாவா?

ஒருவகையில் ஆமாம். ரிதம் ஓடிக்கொண்டிருக்கும்போது அழுத்தினால் இரண்டு, நான்கு பாரில் ட்ரம்ஸும் பேஸும் சேர்ந்து ஒரு ரெடிமேட் வால் போட்டு நிறுத்திக்கொடுக்கும். யமாஹா பிஎஸ்ஆர் வகைகளில் எண்டிங் ஓடும்போது அதையே இன்னொரு முறை அழுத்தினால் வேகம் மெல்லக் குறைந்து முடியும். கல்யாண மண்டபத்தில் வாசிக்கிற அண்ணன்மார்களின் இடது கை அந்தப் பட்டனுக்கு மேலேயே நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், மாப்பிள்ளை வாசலுக்கு வந்துவிட்டால் பாட்டை எந்த இடத்திலும் மூடியாக வேண்டுமே. குறை சொல்லவில்லை. ஆனால் எந்தப் பாட்டாக இருந்தாலும் அதே வால் என்பதுதான் அதில் எனக்குப் பிடிக்காதது.

பெட்ரோனாஸ் ஹாலில் எப்போது கைதட்டுவது? ஒருமுறை தட்டி மானம் போய்விட்டது.

கே.எல்.சி.சி. கோபுரத்துக்குக் கீழே இருக்கிற அந்த அரங்கில் மலேசிய ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா 1998லிருந்து வாசிக்கிறது, தவறான இடத்தில் தட்டியவர் நீங்கள் முதலாவதும் இல்லை, கடைசியும் இல்லை. சில இசையமைப்பாளர்கள் பொறியே வைத்திருக்கிறார்கள். சைக்கோவ்ஸ்கியின் ஐந்தாம் சிம்பொனி, 1888. கடைசிப் பகுதியில் கோடாவுக்கு முன்னால் பெரிய முழக்கத்தோடு நின்று ஒரு மௌனம் வரும், தட்டிவிடுவார்கள். கேடன்ஸ் தெரிந்த காதுக்கு அது காற்புள்ளி என்று கேட்கும். அவரே 1893இல் எழுதிய ஆறாவதில் மூன்றாம் பகுதி அணிவகுப்பு மாதிரி வெடித்து முடிகிறது, அரங்கமே தட்டும், அதற்குப் பிறகுதான் உண்மையான கடைசிப் பகுதி வருகிறது, அழுகையாய். ஹைடன் இன்னும் குறும்பு: 1781இல் நான்கு பேர் வாசிப்பதற்காக எழுதிய ஒரு குவார்ட்டெட்டில் முடிந்த மாதிரி நிறுத்தி, திரும்பத் தொடங்கி, மறுபடி நிறுத்தி விளையாடுகிறார்.

எளிய வழி: கண்டக்டரின் கை முழுதாகக் கீழே இறங்கும்வரை உங்கள் கையும் மடியிலேயே இருக்கட்டும்.

நம் இசையில் இதற்கு இணை உண்டா?

உண்டு, ஆனால் ஒன்றுக்கு ஒன்று பொருந்தாது. சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்புவது டி.சி. அல் ஃபீனேவுக்குக் கிட்டத்தில் வரும், யாரும் குறி போட்டுக் காட்டுவதில்லை, அவ்வளவுதான். தனி ஆவர்த்தனத்தின் கடைசியில் மிருதங்கக்காரர் மோரா என்கிற முடிப்புச் சொற்கட்டை வைத்து, கோர்வை என்கிற தாளக் கணக்கை மூன்று முறை வாசித்து, பாட்டின் எடுப்பில், அதாவது பாட்டு தொடங்குகிற இடத்தில், கொண்டுவந்து விடுவார். வால் என்பதைவிடக் கணக்கு என்றுதான் இதைச் சொல்ல வேண்டும்.

கையில் தாளம் போட்டுப் பாருங்கள். ஆதி தாளத்தில் அரை ஆவர்த்தனம், நான்கு எண்ணிக்கை, எண்ணிக்கைக்கு நான்கு மாத்திரை, ஆக 16. "ததிங்கிணதொம்" ஐந்து மாத்திரை, மூன்று முறை சொன்னால் 15. மீதி ஒன்று. அந்த ஒரு மாத்திரையை முதலில் சும்மா விட்டுவிட்டுத் தொடங்கினால் மூன்றாவது "தொம்" முடிந்த கையோடு சமம், அதாவது தாளத்தின் முதல் எண்ணிக்கை, வந்து விழும். பரதநாட்டியத்தில் ஜதியின் கடைசியில் வரும் தீர்மானமும் இந்த மூன்று தடவைச் சங்கதிதான். மேற்கில் கார்டு சொல்கிற "முடிந்தது" என்பதை இங்கே கணக்கு சொல்கிறது.

முழுக் கச்சேரிக்கே கோடா எது என்று கேட்டால் மங்களம். டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் கலைப்பள்ளியில் அரங்கேற்றம் பார்த்திருப்பீர்கள், தில்லானா முடிந்ததும் மங்களம் வரும். கச்சேரிகளில் தியாகராஜரின் சௌராஷ்டிர ராக மங்களம் பழகிய ஒன்று. முன்னால் நேர்ந்த குறைகளைப் போக்கும் என்ற நம்பிக்கையில் மத்தியமாவதியும் கடைசியில் பாடுவார்கள். வெட்டிப் பாருங்கள்: கச்சேரி முடிந்துதான் இருக்கும், ஆனால் முன்வரிசைப் பாட்டிமார் எழுந்திருக்க மாட்டார்கள்.

பாலேயிலும் கோடா என்கிறார்களே?

ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடுகிற பெரிய நடனத்தின் கடைசிப் பகுதி. இருவரும் முதலில் மெதுவாக ஆடி, தனித்தனியாக ஆடி, கோடாவில் வேகமாகச் சேர்வார்கள். ஸ்வான் லேக்கில் கறுப்பு அன்னம் ஒற்றைக் காலில் 32 முறை சுற்றுவது அந்தக் கோடாவில்தான்.

சத்தம் தேய்ந்துபோய் முடிகிற பாட்டுகள்?

ஸ்டூடியோவில் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கிற ஃபேடரை இறக்கிச் செய்வது. ஆனால் மெஷின் இல்லாமலே செய்திருக்கிறார்கள். 1918இல் முதன்முதலாக வாசிக்கப்பட்ட ஹோல்ஸ்டின் கிரகங்கள் தொகுப்பில், கடைசியான நெப்டியூனில், பெண்கள் குழு பக்கத்து அறையில் நின்று பாடிக்கொண்டே இருக்க, கதவை மெல்ல மெல்லச் சாத்துவார்கள். 1968இல் வந்த பீட்டில்ஸின் ஹே ஜூட் ஏழு நிமிடத்துச் சொச்சம், அதில் நாலு நிமிடம் "நா நா நா" என்கிற கோடாதான், தேய்ந்து தேய்ந்து போகும். பாட்டைவிட வால் நீளம். யாரும் புகார் சொல்லவில்லை.

கோடாவை எப்படி வாசிக்க வேண்டும்? மெதுவாக்க வேண்டுமா?

தாளில் சொல்லாவிட்டால் வேண்டாம். முடிவு என்றதும் கை தானாக மெதுவாகிவிடுவது நம் பிள்ளைகளிடம் ஊறிப்போன பழக்கம், எல்லாப் பாட்டும் சாமி ஊர்வலம் போல முடிகிறது. இன்னொன்று, சாதகத்தை எப்போதும் முதல் பாரிலிருந்தே தொடங்குவதால் முதல் பக்கம் இரும்பாக இருக்கும், கோடா வாழைத்தண்டாக இருக்கும். வாரத்தில் சில நாளாவது கோடாவிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். முதலில் கோடா மட்டும், அப்புறம் அதற்கு முந்தைய எட்டு பாரோடு சேர்த்து, அப்புறம் தாவுகிற இடத்தை மட்டும் தனியாக. தாவலில் இடைவெளி விழக்கூடாது. பக்கம் புரட்ட வேண்டியிருந்தால் கோடாவின் முதல் பாரை மனப்பாடம் செய்துவிடுவது நல்லது.

தேர்வில் தாவ மறந்துவிட்டால்?

நிறுத்தாமல் வாசிக்கச் சொல்லுங்கள். டி.எஸ். எழுதியிருக்கிற இடத்துக்கு மறுபடியும் வந்துவிட்டால் அங்கிருந்தே கோடாவுக்குப் போய்விடலாம், பெரும்பாலும் ஒட்டிக்கொள்ளும். பரீட்சை அதிகாரியைத் திரும்பிப் பார்த்து "சாரி" சொல்ல வேண்டாம்.